உறைக்குள் இருப்பதைக் காணும் கண்

காணாமற்போன பொருளுக்கும் செய்தியற்றுப் போன மகனுக்கும் குறி கேட்கும் வழக்கம் நம் மலைத்தோட்டக் குடும்பங்களில் இன்றும் உண்டு. கூலியில் ஒரு பங்கு காணிக்கையாகப் போகிறது. அவர்களை எள்ளுவது எம் நோக்கமன்று. மறைந்ததை அறியும் ஆற்றல் மனத்திற்கு உண்டா என்று கற்றறிந்தோரே சங்கம் அமைத்து ஆராய்ந்துள்ளனர்.

லண்டனில் 1882-இல் தோன்றிய சங்கத்தின் சார்பில் ஹாட்ஜ்சன் என்பார் 1884-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையில், மகாத்மாக்கள் அனுப்பியவை எனப்பட்ட கடிதங்களை ஆராய்ந்து, அவை பிளவாட்ஸ்கி அம்மையாரின் மோசடி என்றார். அவ்வறிக்கை குறையுடையது என்று அச்சங்கத்தின் இதழிலேயே 1986-இல் ஹாரிசன் என்பவர் மறுத்தெழுதினார். சாட்சியங்களை நம்பினால் வழக்கு முடிவதில்லை போலும்!

பின்வந்தோர் எண்ணிக்கையை நாடினர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரைன் என்னும் பேராசிரியர் 1930-களில் ஐவகைக் குறிகள் பொறித்த 25 சீட்டுகளைக் கொண்டு சோதித்தார். காணாமலே குறியைச் சொல்லவேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் சராசரியாக 5 சரியாகிவிடும். ஆதலின், குறிகாரர் சொன்னது ஒன்று பலித்ததென வியப்போர் பலிக்காதவற்றையும் எண்ணுதல் வேண்டும். ரைன் கண்ட மிகுதியை, மீண்டும் சோதித்த பலர் காணவில்லை.

திருவல்லாவிற் பிறந்து இலங்கையில் ஆசிரியப் பணி புரிந்த ஆபிரகாம் கோவூர் 1963-இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் வைத்தார். அதை வெல்லும் வழிகளுள் ஒன்று, முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வது. பயணச்சீட்டு எண்களோடு நாளெல்லாம் மல்லாடும் எமக்கு இச்சோதனையே மிகவும் பிடித்தது. 1978-இல் அவர் மறையும்வரை அத்தொகையை எவரும் பெற்றாரில்லை.