நிலத்தடி நீரில் ஆர்சனிக்: எடுப்பதும் அளப்பதும்

ஆர்சனிக் கலந்த தண்ணீரை நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ அடையாளம் காண முடியாது. கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது. மேற்கு வங்கத்தில் 1983இல் தோல் நோயாளிகளைப் பரிசோதித்த கொல்கத்தா மருத்துவர் கே.சி. சாஹா, அவர்கள் குடித்த குழாய்க்கிணற்று நீரே காரணம் என்று கண்டறிந்தார். குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைப் போல ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் ஊர்களில் பரிசோதனை கிணற்றடியிலேயே தொடங்குகிறது. குழாயில் தேங்கிய நீர் போகும்வரை மோட்டாரை ஓடவிட்ட பிறகே மாதிரி பிடிக்க வேண்டும். இரும்புச் சத்துள்ள நீர் காற்றுப் பட்டதும் செந்நிறமாகிக் கசடு படியும். ஆர்சனிக்கும் அந்தக் கசடோடு ஒட்டி இறங்கிவிடும். அதனால் நீரை உடனே வடிகட்டி, சில துளி நைட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள்.

நிலத்தடி நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனைட், ஆர்சனேட் என்ற இரு வடிவங்களில் இருக்கும். ஆர்சனைட் நச்சு மிகுந்தது, வடிகட்டி நீக்கவும் கடினமானது. சாதாரண நீரில் அதற்கு மின்னூட்டம் இல்லை. ஆர்சனேட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் பிசின் நிரப்பிய சிறு குழலில் நீரைச் செலுத்தினால் ஆர்சனேட் தங்கிவிடும், ஆர்சனைட் வெளியேறும். கடலோர உவர்நீரில் குளோரைடும் சல்பேட்டும் பிசினில் உள்ள இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பிரிப்பு பிசகலாம்.

அளக்கும் முறைகளில் எளியது கள உபகரணம். துத்தநாகமும் அமிலமும் ஆர்சனிக்கை ஆர்சின் வாயுவாக்கும். அது படும் பாதரச புரோமைடு தாள், அளவுக்கேற்ப மஞ்சள் முதல் பழுப்பு வரை நிறம் மாறும். இது தோராயமான அளவே காட்டும். ஆர்சின் கொடிய நஞ்சு என்பதால் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். ஆய்வகத்தில் சோடியம் போரோஹைட்ரைடால் ஆர்சினை உண்டாக்கி, சூடான குவார்ட்ஸ் குழாயில் சிதைத்து, ஆர்சனிக் அணுக்கள் உறிஞ்சும் ஒளியை அளக்கிறார்கள்.

அதைவிட நுட்பமானது பிளாஸ்மா நிறைநிரல் கருவி. அது ஆர்சனிக்கை 75 என்ற நிறையால் அடையாளம் காண்கிறது. உவர்நீரிலுள்ள குளோரினும் கருவியின் ஆர்கானும் சேர்ந்தாலும் நிறை 75தான். இல்லாத ஆர்சனிக் இருப்பதாகத் தோன்றும். ஹீலியம் வாயு நிரப்பிய அறை வழியாக அயனிகளைச் செலுத்தி இந்தப் பொய்க்கணக்கை நீக்குகிறார்கள். தூய நீரையும், அளவு தெரிந்த ஆர்சனிக் சேர்த்த மாதிரியையும் உடன் சோதித்துச் சரிபார்த்த பிறகே முடிவை ஏற்கலாம்.