எவ்வகையிலும் அடங்காப் பதிவுகள்: பேராக் தோட்ட ஆவணங்களுக்கு உரிய இணைய அரங்கு

முன்னுரை

பேராக் மாநில இந்தியரின் வரலாற்றில் ரப்பர்த் தோட்டங்களுக்குள்ள இடம் யாவரும் அறிந்ததே. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், ரப்பர் நீங்கிச் செம்பனை வந்தமை, நகர விரிவாக்கம் ஆகியவற்றால் சுங்கை சிப்புட், சித்தியவான், தெலுக் இந்தான் வட்டாரங்களின் லயங்கள் பல கலைந்தன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் அதன் புறநகர்த் தாமான்களுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. அவர்களோடு சில தகரப் பெட்டிகளும் பெயர்ந்தன. ஆலய வரவு செலவு ஏடு, பள்ளி நிழற்படம், ஊரிலிருந்து வந்த கடிதம், பாட்டெழுதிய நோட்டுப் புத்தகம் முதலியன அவற்றுள் அடங்கும். இன்று இவற்றைக் கைப்பேசியாலேயே படியெடுத்துவிடலாம். படியெடுத்ததை எங்குச் சேர்ப்பது என்பதே வினா. அதற்கு விடை காணும் நெறிகளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. அடங்காமையின் காரணங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் முற்பகுதியில் மாரியம்மன் திருவிழாக் கணக்கும், நடுவில் தாலாட்டும் ஒப்பாரியும், இறுதியில் கடன் வாங்கியோர் பெயர்ப் பட்டியலும் உள்ளன எனலாம். இலக்கிய இதழ் பாடலை மட்டும் ஏற்கும். வரலாற்றாய்வாளர் கணக்கை மட்டும் நாடுவர். நாளிதழின் ஞாயிறு பதிப்பு ஒரு நினைவுக் குறிப்பாகச் சுருக்கித் தரக் கேட்கும். மூன்றிடத்தும் நோட்டுப் புத்தகம் முழுமையாக இடம்பெறாது.

மொழியும் மற்றொரு தடையாகும். ‘கித்தா’, ‘மங்கு’, ‘தவுக்கே’, ‘பெரட்டு’ போன்ற சொற்கள் தோட்டத் தமிழில் இயல்பாக வழங்கியவை. தமிழக வாசகர்க்கு இவை அயன்மையாகத் தோன்றும். பொருள் விளங்காத பதிப்பாசிரியர் இவற்றைப் ‘பிழை’ எனக் கருதித் திருத்திவிட்டால், அப்பதிவு சான்றாகும் தகுதியை இழக்கிறது.

2. அரங்குகளும் எல்லைகளும்

தமிழ் இணையத்தில் ஆவணங்களை ஏற்கும் அரங்குகள் பல உள. அவை ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டுள்ளது. அவ்வெல்லையைக் குறை எனக் கருதுதல் தகாது. அதுவே அவ்வரங்கின் வலிமை.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்குவதை நோக்காகக் கொண்டது. அச்சேறாத கணக்கேடு அதன் வரம்பினுள் வாராது. 2005இல் தோன்றிய நூலகம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களைச் சிறப்பாகத் திரட்டியுள்ளது. எனினும் பேராக் அதன் நிலப்பரப்பு அன்று. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, முன்பே வெளியான சான்றுகளைக் கோருவது. பாட்டியார் வாய்மொழியாகக் கூறிய செய்தியை அங்கு நேரே எழுதின் சான்று கேட்கப்படும். அவ்விதி கலைக்களஞ்சியத்துக்கு இன்றியமையாதது. விக்கிமீடியா பொதுவகம் நிழற்படத்தையும் ஒலிப்பதிவையும் ஏற்கும். ஆயின் அவை பொதுவுரிமையில் இருத்தல் வேண்டும், அல்லது உரிமையாளர் கட்டற்ற உரிமத்தில் வழங்கியிருத்தல் வேண்டும்.

2001இல் உருவான தமிழ் மரபு அறக்கட்டளையின் நிறுவனர்களுள் ஒருவர் மலேசியாவில் பிறந்த க. சுபாஷிணி. ஓலைச்சுவடி, பழைய நூல், ஒலிப்பதிவு எனப் பலவகைப் பொருள்களையும் அது தன் பணிக்குள் கொண்டதால், மேற்கூறிய நோட்டுப் புத்தகத்தின் இயல்புக்கு இவ்வகை அமைப்பே நெருங்கியது எனலாம்.

3. தேர்வுக்கான அளவுகோல்கள்

அரங்கைத் தேர்வதற்கு மூன்று அளவுகோல்கள் பயன்படும்.

முதலாவது, மறுமொழி. பதிவைக் கண்டு, “இப்படத்தில் நிற்பவர் எங்கள் தண்டல், இது மேற்குப் பிரிவு லயம்” எனக் கூற வல்லார் அங்கு உளரா என நோக்க வேண்டும். வாசகர் தொகையினும் இத்தகுதியே முதன்மையானது. ஆயிரவர் பார்த்தும் அடையாளம் காணாத படம், முன்னாள் தோட்டத்தார் பதின்மர் கூடுமிடத்தில் உயிர்பெறக்கூடும்.

இரண்டாவது, நிலைபேறு. யாகூ குழுமங்களில் தமிழ் அன்பர்கள் பல ஆண்டுகள் நிகழ்த்திய உரையாடல்கள் இதற்குப் பாடமாகும். அந்நிறுவனம் 2019 டிசம்பரில் சேமிப்புகளை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சேவையை முற்றாக நிறுத்தியது. தம் கணினியில் படி வைத்திராதார் இழந்தது மீளவில்லை. கலந்துரையாடும் இடம் வேறு, காப்பகம் வேறு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

மூன்றாவது, காப்பு. கடன் பட்டியல், சாதிப் பெயர், நோய்க் குறிப்பு ஆகியன இன்றும் வாழும் குடும்பங்களைத் தொடுவன. ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருந்ததனாலேயே அவை பொதுவில் இடத்தக்கன ஆகா. இத்தகைய பக்கங்களைக் குறித்த காலம்வரை மூடி வைக்க இசையும் இடமே ஏற்றது.

4. முழுமையைக் காக்கும் முறை

ஓரரங்கும் முழுமையாகப் பொருந்தாதபோது, பதிவைச் சிதைத்துப் பொருத்துதல் தவறு. முழு நோட்டுப் புத்தகத்தின் படியை நூலகத்திலோ காப்பகத்திலோ ஒரு தொகுதியாக வைத்தல் முதற்பணி. அதன்பின், இசைவு பெற்ற பாடல்களை நாட்டுப்புறவியல் அரங்குக்கும், படங்களை முன்னாள் தோட்டத்தார் கூடும் குழுவுக்கும் தனித்தனியே அனுப்பலாம். ஒவ்வொன்றிலும் மூலத் தொகுதி இருக்குமிடத்தைக் குறித்தல் வேண்டும். தோட்டத்தின் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், வட்டாரம், ஆண்டு, பாடியவர் அல்லது வழங்கியவரின் இசைவு ஆகிய ஐந்தும் உடனிருப்பின், பின்வரும் ஆய்வாளர் சிதறியவற்றை மீண்டும் இணைத்துவிடுவர். தமிழ்ப் பெயர் இன்றியமையாதது. நிருவாகம் ஒரு பெயரும் தொழிலாளர் வேறொரு பெயரும் வழங்கிய தோட்டங்கள் பல.

முடிவுரை

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் அரசு ஆவணங்களில் விரிவாக உள்ளன. அக்காலத்தில் லயங்களில் வாழ்ந்தோர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அவர்தம் கடிதமும் நினைவுமே கூற வல்லன. அவற்றை அறிந்து விளக்கவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். தமிழாசிரியர்கள் தம் மாணவரிடம், “வீட்டிலுள்ள ஒரு பழைய தாளுக்கு உரிய இடம் எது?” என்று கேட்டு, மேற்கூறிய மூன்று அளவுகோல்களைக் கொண்டு விடை காணச் செய்யலாம். படத்திலிருப்போரைப் பெயர் சொல்லி அழைக்க வல்ல தாத்தா பாட்டி இருக்கும்போதே அப்பயிற்சி நிகழ்தல் வேண்டும்.