சுரபாயாவில் மூன்று வாரம்

ஜப்பான் சரணடைந்த இரண்டாம் நாள், 1945 ஆகஸ்ட் 17 அன்று, சுகர்ணோவும் முகம்மது ஹத்தாவும் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவின் விடுதலையை அறிவித்தார்கள். போரில் ஜப்பானிடம் பறிகொடுக்கும் வரை அந்தத் தீவுகளை ஆண்ட டச்சுக்காரர்களோ, பழையபடி வந்து உட்கார்ந்துவிடலாம் என்றே நினைத்திருந்தார்கள். அந்த நினைப்புக்கு முதல் பெரிய அடி விழுந்த இடம், கிழக்கு ஜாவாவின் துறைமுக நகரமான சுரபாயா.

செப்டம்பர் 19 அன்று அங்குள்ள யமாட்டோ ஓட்டலின் உச்சியில் டச்சுக்காரர் சிலர் தங்கள் கொடியை ஏற்றினார்கள். மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, அடியில் நீலம். கீழே கூட்டம் திரண்டது, கைகலப்பு மூண்டது. இளைஞர்கள் கட்டடத்தின் மேல் ஏறி, நீலப் பட்டையை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை மறுபடி ஏற்றினார்கள். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் இந்தோனேசியக் கொடி! அடுத்த சில வாரங்களில் ஜப்பானியர்களின் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் ஊர்க்காரர்கள் கைக்கு வந்தன. அக்டோபர் 22 அன்று நஹ்தத்துல் உலமா அமைப்பின் மார்க்க அறிஞர்கள், விடுதலையைக் காக்கப் போரிடுவது கடமை என்று அறிவித்தார்கள்.

ஜப்பானியரின் ஆயுதங்களைக் களைவதும் கைதிகளை மீட்பதும் பிரிட்டனின் பொறுப்பு. அதற்காக அக்டோபர் 25 அன்று வந்திறங்கியது 49ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிகேடு. வீரர்கள் மராட்டிய, ராஜபுதன ரெஜிமெண்டுகளைச் சேர்ந்தவர்கள். தலைவர் பிரிகேடியர் மல்லபி. இந்தோனேசியர்களின் ஆயுதங்களில் கைவைப்பதில்லை என்று அவர் உள்ளூர்த் தலைவர்களுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். மறுநாளே, ஜகார்த்தாவிலிருந்து வந்த விமானம் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லித் துண்டறிக்கைகளைக் கொட்டியது. மேலிடத்தின் இந்த அவசரம்தான் காரியத்தைக் கெடுத்தது. ஊர் முழுக்கச் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து நின்ற படையை, அக்டோபர் 28 அன்று ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து தாக்கினார்கள். பிரிகேடே அழிந்துவிடும் நிலை. பிரிட்டிஷார் சுகர்ணோவை விமானத்தில் வரவழைத்துச் சண்டையை நிறுத்தச் சொன்னார்கள். அமைதி நிலைக்கவில்லை. அக்டோபர் 30 அன்று, சிவப்புப் பாலத்தின் அருகே காரில் இருந்த மல்லபி கொல்லப்பட்டார். சுட்டது யார், முதலில் சுட்டது எந்தத் தரப்பு என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

ஜெனரல் மான்சரின் தலைமையில் 5ஆவது இந்திய டிவிஷன் வந்து சேர்ந்தது. ஆயுதங்களைப் போட்டுவிட்டுச் சரணடையுமாறு அவர் விடுத்த இறுதி எச்சரிக்கையை, கிழக்கு ஜாவா ஆளுநர் சூர்யோ வானொலியில் நிராகரித்தார். இளைஞர்களைப் போருக்கு அழைத்த புங் தோமோவின் குரலும் வானொலியில் முழங்கியது. நவம்பர் 10 காலையில் போர்க்கப்பல்களும் விமானங்களும் குண்டு பொழிய, டாங்குகளுடன் படை நகருக்குள் புகுந்தது. பயிற்சி இல்லாத இளைஞர்கள் தெருத்தெருவாக எதிர்த்து நின்றார்கள். நகரம் முழுவதும் பிரிட்டிஷார் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. மாண்ட இந்தோனேசியர்கள் 6,000 பேர் முதல் 16,000 பேர் வரை என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன.

இதில் இந்தியர்களுக்கு உறுத்தும் பக்கம் ஒன்று உண்டு. அதே நவம்பர் 5 அன்றுதான் டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான விசாரணை தொடங்கியிருந்தது. சொந்த நாட்டின் விடுதலைக்காக இங்கே கொந்தளிப்பு. இன்னொரு நாட்டின் விடுதலையை நசுக்க அங்கே இந்தியச் சிப்பாய்கள். நேரு இதை வன்மையாகக் கண்டித்தார். சிப்பாய்களில் சிலர் இந்தோனேசியர் பக்கமே சேர்ந்துகொண்டார்கள்.

சண்டையில் ஊர் வீழ்ந்தது. ஆனால் டச்சுக்காரர்களுக்காக ஒரு காலனிப் போரைச் சுமப்பதில் லாபமில்லை என்பது பிரிட்டனுக்குப் புரிந்தது. பேச்சுவார்த்தைக்கு வருமாறு டச்சு அரசை நெருக்கியது. 1946 நவம்பரில் தன் படைகளை முழுதாக விலக்கிக்கொண்டது. அதன் பிறகும் மூன்று ஆண்டு போராடித்தான், 1949 டிசம்பர் 27 அன்று இந்தோனேசியா டச்சுக்காரர்களிடமிருந்து இறையாண்மையைப் பெற்றது. நவம்பர் 10 அங்கே மாவீரர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.