கடமத் கடலடியில் வெளிறும் பவளத் தோட்டம்

புது தில்லி: மக்களவைக்கு ஒரே ஓர் உறுப்பினரை அனுப்பும் லட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கி.மீ. மட்டுமே. ஆனால், அத் தீவுகளை அரணாக வளைத்து நிற்கும் பவளத் திட்டுகளுக்கு உட்பட்ட ஆழமற்ற கடற்பரப்போ சுமார் 4,200 சதுர கி.மீ. அங்குள்ளோரின் செல்வம் பெரும்பாலும் நீருக்கடியில்தான் இருக்கிறது.

கொச்சிக்கு மேற்கே சுமார் 400 கி.மீ. தொலைவில் உள்ள கடமத் தீவு, முக்குளிப்போரிடையே பெயர் பெற்றது. இங்கு கண்ணாடி முகமூடியும் மூச்சுக் குழாயும் இருந்தால் போதும். இடுப்பளவு நீரில் மிதந்தபடியே மான் கொம்பு போலக் கிளைத்த பவளங்களையும், அவற்றைக் கொறிக்கும் கிளி மீன்களையும், அசைந்து செல்லும் பேராமைகளையும் காணலாம்.

பவளம் வெறும் பாறையன்று. சின்னஞ்சிறு உயிரினங்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டும் கூடு அது. அவற்றின் உடலில் குடியிருக்கும் பாசிகளே நிறத்தையும், உணவில் பெரும் பகுதியையும் தருகின்றன. கடல் நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் பாசிகள் வெளியேறுகின்றன, பவளம் வெளிறுகிறது. வெப்பம் தணியாவிடில் மடிகிறது.

லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. 2023 அக்டோபர் இறுதியில் தொடங்கிய கடல் வெப்ப அலையாலும் பவளங்கள் பெருமளவு வெளிறியதாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2024-இல் தெரிவித்தது. முதல் இரு நிகழ்வுகளுக்கு இடையே 12 ஆண்டுகள் இருந்தன. பின்னர் அந்த இடைவெளி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அகத்தி, கடமத், கவரத்தி தீவுகளில் நடத்தப்பட்ட ஆய்வின்படி, 1998-இல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, 2022-இல் 19.6 சதவீதமாகக் குறைந்துள்ளது.

இது சுற்றுலாவுக்கு மட்டுமேயான இழப்பன்று. அலைகளின் வேகத்தைத் தடுப்பது இத் திட்டுகள்தான். தீவுகளின் மணலும் பவளத்திலிருந்து உருவானதே. சூரை மீனைத் தூண்டிலில் பிடிக்கும் மீனவர்கள் உயிருள்ள இரை மீன்களைப் பெறுவதும் இந்த ஆழமற்ற நீரில்தான்.

பவளங்கள் 2001-இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பவளத் துண்டை எடுத்துச் செல்பவரைத் தண்டிக்க அச் சட்டம் போதும். ஆனால், கடல் சூடாவதை அதனால் தடுக்க இயலாது. நங்கூரம், கழிவு நீர், மிதிக்கும் கால்கள் ஆகியவற்றிலிருந்தேனும் காத்தால், அடுத்த வெப்ப அலைக்குள் அவை ஓரளவு மீண்டெழ வாய்ப்புண்டு.