"வயசைக் குறைச்சா வம்பு சார்!" - 61 வயது மாப்பிள்ளையின் தாளை வெட்டிய ஜெராக்ஸ் கடைப் பெண்

சென்னை பெரம்பூர் ரெயில் நிலையத்தில் இருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ரெயில் டிக்கெட், வேலைக்கு மனு, வருமானச் சான்று என்று காலையில் இருந்தே கூட்டம் மொய்க்கும். அந்தக் கடைக்கு ஒரு நாள் மாலை ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, புதிதாக 'டை' அடித்த தலை. கையில் இரண்டாக மடித்த ஒரு தாள்.

"இதை கம்ப்யூட்டர்ல ஏத்தணும்மா. சத்தம் போட்டுப் படிக்காதே" என்றார்.

தாளில் இருந்தது இதுதான்:-

"வயது 48. மனைவி இல்லை. சொந்த வீடு, நல்ல பென்சன், பேங்க்கில் டெபாசிட் உண்டு. தனிமையில் வாடுகிறேன். 30 முதல் 35 வயதுக்குள் அழகான, அடக்கமான பெண் தேவை. சாதி, மதம் தடை இல்லை. உடனே போன் செய்யவும்."

கடையை நடத்தும் பெண் தாளைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"சார், போன வருஷம் உங்க பென்சன் மனுவை நான்தானே டைப் அடிச்சேன்? 60 வயசுல ரிட்டயர் ஆனவருக்கு இப்ப எப்படி சார் 48?"

பெரியவர் அசடு வழிந்தார். பக்கத்தில் ஜெராக்சுக்கு நின்ற கல்லூரி மாணவன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான்.

'16 வயதினிலே'யில் மாட்டினார்

இது அவருக்கு முதல் தடவை அல்ல. சில மாதங்களுக்கு முன்பு நண்பர் ஒருவர் உதவியோடு ஒரு மேட்ரிமோனி தளத்தில் இதே 48 வயதைப் போட்டிருக்கிறார். 42 வயது பள்ளி ஆசிரியை ஒருவர் பதில் போட்டார். கணவரைப் பிரிந்தவர். இரண்டு வாரம் போனில் பேசினார்கள். பிறகு ஒரு ஓட்டலில் காபி.

பேச்சு சினிமா பக்கம் போனது. "16 வயதினிலே வந்த புதுசுலே பள்ளிக்கூடத்தை கட் அடிச்சுட்டுப் போய்ப் பார்த்தேன்" என்று பெரியவர் உற்சாகமாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் படம் வெளிவந்தது 1977-ல். 48 வயதுக்காரர் என்றால் அப்போது தொட்டிலில் இருந்திருக்க வேண்டும்! ஆசிரியை கணக்குப் பாடம் எடுப்பவர். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"61-ன்னு முதல்லயே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். வயசுல பொய் சொன்னவர் வேற எதுல சொல்ல மாட்டீங்க?" என்று ஒரே ஒரு மெசேஜ். அதற்குப் பிறகு நம்பர் 'பிளாக்'.

இதைச் சொல்லி முடித்தபோது பெரியவரின் குரல் கம்மிவிட்டது. மனைவி இறந்து 4 ஆண்டு. மகள் பெங்களூரில். ராத்திரி 8 மணிக்கு டி.வி.யை நிறுத்தினால் வீட்டில் சுவர்க்கோழி சத்தம்தான்.

அதே தப்பைத்தான் மறுபடியும் மடித்து எடுத்து வந்திருக்கிறார்.

சல்லடை எப்படிச் சலிக்கிறது?

கல்யாணத் தரகரிடம் ஜாதகத்தைக் கொடுத்த காலத்தில் வயது என்பது வாய்ப்பேச்சு. "ஒரு நாலு வயசு முன்னே பின்னே" என்று தரகரே சமாளித்துவிடுவார். இணையதளத்தில் அந்த வித்தை பலிக்காது. அங்கே பிறந்த தேதியைப் போட்டால் வயதை அதுவே கணக்குப் போடும். 'எனக்கு இந்த வயதில் இருந்து இந்த வயதுக்குள் வேண்டும்' என்று இரண்டு பக்கமும் எல்லை போடலாம். அதற்கு வெளியே இருப்பவர் பெரும்பாலும் கண்ணிலேயே படமாட்டார்.

அதனால்தான் பலரும் வயதைக் குறைக்கிறார்கள். 61 என்று போட்டால் 50-க்குள் கேட்கிற பெண்ணின் சல்லடையில் விழ முடியாது. ஆனால் பொய் சொல்லி விழுந்தால் கிடைப்பது 61 வயதுக்காரர் வேண்டாம் என்றவர்தானே? வித்தியாசம் பரவாயில்லை என்று எல்லையை 65 வரை வைத்திருக்கும் பெண்ணும் எங்கேயோ இருக்கிறார். அவரிடம் போய் 48 என்று நிற்பதில் என்ன லாபம்?

வயதுக்குத் தனி ரேட் போட்ட கூத்தும் உண்டு. 'டிண்டர்' என்ற அமெரிக்க டேட்டிங் செயலி 2015-ல் கட்டணச் சேவை தொடங்கியபோது, 30 வயது தாண்டியவர்களிடம் கூடுதலாக வசூலித்தது. வழக்கு நடந்து, 2018-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு கோர்ட்டு அது பாரபட்சம் என்று சொன்னது. வயசானவன் ஆசைக்கு விலை கூட என்று கம்பெனிக்காரனும் தெரிந்து வைத்திருக்கிறான்!

நம் ஊர் மேட்ரிமோனி தளங்கள் டேட்டிங்குக்கு அல்ல. 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறையிலேயே, கல்யாணத்துக்கு மட்டும்தான், டேட்டிங் தளம் அல்ல என்று அறிவிக்கச் சொல்லி இருக்கிறது. பதிவு செய்பவரின் அடையாளச் சான்றும் கேட்க வேண்டும். ஆனாலும் சான்றிதழ் கொடுத்தவன் எல்லாம் அரிச்சந்திரன் என்று அர்த்தம் இல்லை.

பெண் மூத்தவர் என்றால்...

இதே கடைக்கு ஒரு பெண்ணும் வந்திருக்கிறார். வயது 44. விவாகரத்தானவர். தன்னைவிட 5, 6 வயது குறைந்தவராக இருந்தாலும் சம்மதம் என்று எழுதச் சொன்னார். எழுதியாகிவிட்டது. மறுநாள் வந்து குவிந்த மெசேஜ்களில் பாதி "ஹாய் ஆன்ட்டி". மீதியில் பலவற்றை இங்கே அச்சிட முடியாது.

ஆண் 15 வயது மூத்தவர் என்றால் "பாவம், தனியாக இருக்கிறார்". பெண் 5 வயது மூத்தவர் என்றால் வாலிபர்கள் விசில் அடிக்கிறார்கள். என்ன நியாயமோ!

அந்தப் பெண் சளைக்கவில்லை. இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். "கல்யாணத்துக்கு மட்டும். உங்கள் அம்மாவிடம் என் வயதைச் சொல்லிவிட்டு எழுதவும்." விசில் கூட்டம் ஓடியே போய்விட்டது.

முதல் வெட்டு: வீடும் டெபாசிட்டும்

பெரியவரின் தாளுக்கு வருவோம். கடைப் பெண் சிவப்புப் பேனாவை எடுத்து முதலில் அடித்தது வயதை அல்ல. 'சொந்த வீடு, நல்ல பென்சன், டெபாசிட்' என்ற வரியை.

"என்னம்மா, இருக்கறதே அதுதான்!"

"அதனாலதான் சார். இதைப் பார்த்துப் பொண்ணு வராது. திருடன்தான் வருவான்."

அவர் சொன்னது உண்மை. தனியாள், கையில் காசு, தன்னைவிட ரொம்பச் சின்னப் பெண்ணைத் தேடுகிறவர். மோசடிக் கும்பலுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. லண்டனில் டாக்டர், துபாயில் நர்ஸ் என்று ஓர் அழகான படம் வரும். இரண்டு நாளில் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறும். 'உங்கள் வயது எனக்குப் பொருட்டே இல்லை' என்று உருகும். பிறகு பரிசுப் பார்சல் அனுப்பியதாகத் தகவல். அடுத்து 'டெல்லி விமான நிலைய கஸ்டம்ஸ்' என்று ஒரு குரல், வரி கட்டு, அபராதம் கட்டு என்று மிரட்டும். உண்மையான கஸ்டம்ஸ் அதிகாரி யாரும் தனிநபர் பேங்க் கணக்கில் பணம் போடச் சொல்ல மாட்டார்.

இன்னொரு வகை வீடியோ கால். எதிரே ஒரு பெண் அலங்கோலமாக நிற்பாள். பார்த்தவர் முகத்தோடு சேர்த்துப் பதிவு செய்துகொண்டு, 'மகளுக்கு அனுப்பட்டுமா?' என்று கேட்பார்கள். மானத்துக்குப் பயந்து சேமிப்பைக் கொட்டிவிட்டு, போலீசுக்கும் போகாமல் வாயை மூடிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதற்குள் பணம் பல கணக்குகள் தாவிவிடும். சீக்கிரம் சொன்னால் நடுவழியில் முடக்க வழி உண்டு. ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர், போன் வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில். 1.7.2024 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கு 318-வது பிரிவு. பழைய '420'-க்கு இப்போது இதுதான் நம்பர்!

முதல் கல்யாணம் ரத்தாகாமல் இருக்க, அதை மறைத்து இன்னொரு கல்யாணம் செய்தால் 10 ஆண்டு வரை உள்ளே போகலாம். வயது வித்தியாசத்துக்குச் சட்டத்தில் மேல் எல்லை இல்லை. ஆனால் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிரம்பாமல் கல்யாணம் கிடையாது.

மகளுக்குத் தெரியுமா?

அடுத்த கேள்வியில்தான் பெரியவர் தடுமாறினார்.

"பெங்களூர் அக்காவுக்குச் சொன்னீங்களா சார்?"

சொல்லவில்லை.

வீட்டுச் சண்டை கிளம்பும் இடம் இதுதான். இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. இரண்டாவதாக முறைப்படி கட்டிய மனைவியும் மனைவிதான். 'அப்பாவை மயக்கி வீட்டை எழுதி வாங்க வந்தவள்' என்ற பேச்சு அங்கேதான் முளைக்கிறது. வருகிற பெண் வயதில் சின்னவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

பெரியவர் கடை வாசலில் நின்றே மகளுக்குப் போன் போட்டார். 20 நிமிடம். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "அழுதுட்டா. அப்புறம், 'பொய் மட்டும் எழுதாதீங்கப்பா'ன்னா" என்றார்.

கடைசியில் ஏற்றப்பட்டது இதுதான்:-

"வயது 61. அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு. மனைவி 4 ஆண்டுக்கு முன் காலமானார். ஒரு மகள், கல்யாணம் ஆகிவிட்டது, அவருக்கு இது தெரியும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நன்றாக ரசம் வைப்பேன். 45 முதல் 58 வயதுக்குள் துணை வேண்டும். வயது வித்தியாசம் இருக்கும். அதைப்பற்றி எந்தக் கேள்வியும் கேட்கலாம். நேரில் சந்திக்கும் முன் பணம் கேட்கவோ கொடுக்கவோ மாட்டேன்."

போட்டோவும் புதிது. 'டை' கரைந்து பாதி நரை தெரிய, கடைக்கு வெளியே வெளிச்சத்தில் அந்தக் கல்லூரி மாணவனே எடுத்துக் கொடுத்தான்.

வந்தது ஒரு கேள்வி

10 நாளில் வந்த பதில் மூன்று. ஒன்று லண்டன் டாக்டர்! கடைப் பெண்ணே அழித்துவிட்டார். இன்னொருவர் ஜாதகம் மட்டும் கேட்டுவிட்டு மாயமானார்.

மூன்றாவது, 47 வயதுப் பெண். அரசு ஊழியராக இருந்த கணவர் இறந்துவிட்டார், பிளஸ்-2 படிக்கும் மகன் இருக்கிறான். மாத்திரை எத்தனை என்று கேட்கவில்லை. வீடு எங்கே என்றும் கேட்கவில்லை.

"மறுபடி கல்யாணம் செய்தால் எனக்கு வரும் குடும்பப் பென்சன் நின்றுவிடும். நீங்கள் என்னைவிட 14 வயது பெரியவர். உங்களுக்கு முன்னே பின்னே ஏதாவது ஆனால், நானும் என் பையனும் என்ன செய்வது? தப்பாக நினைக்க வேண்டாம்" என்று எழுதி இருந்தார்.

பெரியவர் அதை மூன்று தடவை படித்தார்.

"இதுக்கு என்னம்மா எழுதறது?"

"அதை நீங்கதான் சார் சொல்லணும். நான் டைப் அடிக்கறவ."

40 ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். கையில் இரண்டாக மடித்த ஒரு தாள். தலைப்பு, "பென்சன் அலுவலர் அவர்களுக்கு". ஓய்வு பெற்ற பிறகு கல்யாணம் செய்துகொண்டால், தன் பென்சனில் மனைவி பெயரைச் சேர்க்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்கும் மனு.

"ரெண்டு காப்பி எடும்மா. ஒண்ணை போட்டோ புடிச்சு அவங்களுக்கு அனுப்பிடு" என்றார்.