தோட்டா மறுநிரப்பல் பொருள்களின் தட்டுப்பாடு

தோட்டா மறுநிரப்பல் என்பது ஒருமுறை சுடப்பட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைத் தூய்மைசெய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் பயன்படுத்தும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் இலக்குச் சுடுதல் வீரர்களும் வேட்டையாடுவோரும் தங்கள் வீடுகளிலேயே இதனைச் சட்டப்படி செய்து வருகின்றனர். செலவு குறைவதும், குறிப்பிட்ட துப்பாக்கிக்கு ஏற்பத் தோட்டாவைத் துல்லியமாக அமைக்க முடிவதும் இதன் முதன்மைக் காரணங்கள் ஆகும். இதற்கான பொருள்களுக்கு அந்நாட்டில் பலமுறை கடும் தட்டுப்பாடு ஏற்பட்டுள்ளது. தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கையாளப்படும் முறைகளுள் சில வெறும் சிக்கனம் சார்ந்தவை. வேறு சில உயிருக்கே இடர் விளைவிக்கக் கூடியவை.

தோட்டாவின் பகுதிகள்

ஒரு தோட்டா நான்கு பகுதிகளைக் கொண்டது.

1. கூடு: பெரும்பாலும் பித்தளையால் ஆனது. மற்ற மூன்று பகுதிகளையும் தாங்கி நிற்பது.
2. பிரைமர்: கூட்டின் அடியில் பொருத்தப்படும் சிறு உலோகக் கிண்ணம். துப்பாக்கியின் ஊசி அடிக்கும்போது இதிலுள்ள கலவை வெடித்துத் தீப்பொறியை உண்டாக்கும்.
3. வெடிமருந்து: தீப்பொறியால் எரிந்து வளிமமாக மாறும். இன்று பயன்படுவது நைட்ரோசெல்லுலோசை அடிப்படையாகக் கொண்ட புகையற்ற வெடிமருந்து ஆகும்.
4. குண்டு: வளிமத்தின் அழுத்தத்தால் உந்தப்பட்டுக் குழலிலிருந்து வெளியேறும் பகுதி.

இவற்றுள் கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். குண்டை ஈயத்தை உருக்கி வீட்டிலேயே வார்க்கலாம். பிரைமரும் வெடிமருந்தும் அவ்வாறல்ல. அவை வேதித் தொழிற்சாலைகளில் மட்டுமே பாதுகாப்பாக உருவாக்கத்தக்கவை; ஒருமுறை சுட்டவுடன் தீர்ந்துவிடுபவை. ஆகையால் மறுநிரப்பல் ஓரளவே தன்னிறைவு உடையது. தட்டுப்பாட்டின் உண்மையான அழுத்தம் இவ்விரு பொருள்களிலேயே வெளிப்படுகிறது.

பாக்சர், பெர்டான் அமைப்புகள்

பிரைமர்கள் இரு அமைப்புகளில் உள்ளன. இரண்டும் 1860களில் தோன்றியவை. ஆங்கிலேயப் படை அதிகாரியான எட்வர்டு பாக்சர் உருவாக்கிய அமைப்பில் கூட்டின் அடிநடுவே ஒரே துளை இருக்கும். அதன் வழியே ஒரு கம்பியைச் செலுத்திப் பழைய பிரைமரை எளிதில் தள்ளிவிடலாம். அமெரிக்கரான ஹைரம் பெர்டான் உருவாக்கிய அமைப்பில் நடுவில் துளை இல்லை. பக்கவாட்டில் பெரும்பாலும் இரு சிறு துளைகள் இருக்கும். இதில் பழைய பிரைமரை நீக்குவது கடினம். ஆங்கிலேயரின் அமைப்பு அமெரிக்காவிலும், அமெரிக்கரின் அமைப்பு ஐரோப்பாவிலும் பரவியது வியப்புக்குரியது. அமெரிக்காவில் வீட்டு மறுநிரப்பல் இவ்வளவு பரவியதற்குப் பாக்சர் அமைப்பு ஒரு காரணமாகும்.

வரலாறு

தட்டுப்பாடு இத்துறைக்குப் புதிதன்று. இன்றைய மறுநிரப்பல் தொழில்துறையின் ஒரு பகுதி தட்டுப்பாட்டிலிருந்தே பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது செம்பு, ஈயம், வெடிமருந்து ஆகியன படைத்துறைக்குத் திருப்பப்பட்டதால் பொதுமக்களுக்குக் குண்டுகள் கிடைப்பது அரிதாயிற்று. கலிபோர்னியாவின் ஓரோவில் நகரைச் சேர்ந்த பிரெட் ஹண்டிங்டன், சுடப்பட்ட .22 விளிம்படித் தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைக் குண்டின் மேலுறையாக மாற்றும் அச்சுக் கருவிகளை 1943 இல் உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்ததே ஆர்.சி.பி.எஸ். எனும் மறுநிரப்பல் கருவி நிறுவனம்.

போர் முடிந்தபின் நிலைமை தலைகீழானது. படைத்துறையிடம் வெடிமருந்து மிகுந்துபோயிற்று. கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹோட்ஜ்டன், 4895 எனும் உபரி வெடிமருந்தை அரசிடமிருந்து வாங்கிப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினார். அவருடைய பெயர் கொண்ட நிறுவனம் இன்றும் இத்துறையின் முன்னணி விற்பனையாளர்களுள் ஒன்றாக விளங்குகிறது.

2008 க்குப் பிந்தைய தட்டுப்பாடுகள்

2008 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பின், துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையாகும் என்ற அச்சத்தால் மக்கள் தோட்டாக்களையும் மறுநிரப்பல் பொருள்களையும் வாங்கிக் குவித்தனர். 2012 டிசம்பரில் கனெடிகட் மாநிலத்தின் நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், புதிய கட்டுப்பாடுகள் பற்றிய விவாதம் எழுந்தது. 2013 இல் மீண்டும் கடைகள் காலியாயின.

இவற்றைவிடக் கடுமையானது 2020 இல் தொடங்கிய தட்டுப்பாடு ஆகும். கொரோனாப் பெருந்தொற்று, நாடு தழுவிய போராட்டங்கள், தேர்தல் ஆகியன ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் கூட்டாட்சி அமைப்பு 2019 இல் ஏறத்தாழ 2.84 கோடிச் சரிபார்ப்புகளைச் செய்தது. 2020 இல் இது ஏறத்தாழ 3.97 கோடியாக உயர்ந்தது. அதே ஆண்டு சூலையில் ரெமிங்டன் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் தோட்டாத் தொழிற்சாலை ஆர்கன்சா மாநிலத்தின் லோனோக்கில் உள்ளது. விஸ்டா அவுட்டோர் நிறுவனம் அதனை வாங்கியது.

இத்தகைய காலங்களில் மறுநிரப்புவோரே முதலில் பாதிக்கப்படுகின்றனர். இதற்குக் காரணம் சந்தையின் அமைப்பாகும். சி.சி.ஐ., பெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் ஆகிய நான்கும் அமெரிக்காவின் முதன்மைப் பிரைமர் வணிகப்பெயர்கள். இவற்றின் உற்பத்தியாளர்கள் முழுத் தோட்டாக்களையும் விற்பவர்கள். தேவை மிகும்போது, பிரைமரைத் தனியே விற்பதைவிடத் தம் தோட்டாக்களில் பொருத்தி விற்பதே அவர்களுக்கு ஆதாயம் தருவது. எனவே தனிப் பிரைமர்களின் வரத்து முதலில் சுருங்கிக் கடைசியில் சீராகிறது.

2022 இல் உக்ரைன் போர் பெரிதானபின் வெடிமருந்துக்கும் நெருக்கடி வந்தது. பீரங்கிக் குண்டுகளுக்கான உந்துமருந்துக்கும் நைட்ரோசெல்லுலோசே அடிப்படை. அது பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு போன்ற செல்லுலோசுப் பொருள்களிலிருந்து பெறப்படுகிறது. படைத்துறையின் தேவை பெருகியதால் பொதுமக்களுக்கான வெடிமருந்தின் வரத்து குறைந்து விலை ஏறியது.

சமாளிக்கும் முறைகள்

கூடு

சுடுதளங்களில் விழும் கூடுகளைச் சேகரிப்பது மிகப் பழைய வழக்கம். ஒரு கூட்டின் வாழ்நாள் அதனை எவ்வாறு கையாளுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு முறையும் முழுமையாக நசுக்கி அளவுக்குக் கொண்டுவந்தால் பித்தளை விரைவில் களைத்து வெடிப்புறும். தேவையான அளவு மட்டும் சுருக்குவதும், கழுத்துப் பகுதியைச் சூடாக்கி மென்மையாக்குவதும் வாழ்நாளை நீட்டிக்கும். ஒருவகைக் கூட்டை மற்றொரு வகையாக மாற்றவும் முடியும். .223 கூட்டை வெட்டிச் சுருக்கி .300 பிளாக்கவுட் கூடாக்குவது இதற்கு எடுத்துக்காட்டு. அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஒளிர்கோடு தெரியும் கூடு உடையும் நிலையில் உள்ளது. அதனைத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டிப் பயன்படுத்தக் கூடாது.

அரசின் முடிவுகளும் கூடுகளின் வரத்தைப் பாதிக்கக் கூடும். 2009 மார்ச்சில், படைத்துறையின் பயன்படுத்திய கூடுகளை நசுக்கிய பின்னரே விற்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது. மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஐக்கிய அமெரிக்க மேலவை உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்துச் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

குண்டு

ஈயத்தை உருக்கி அச்சில் வார்ப்பது செலவு குறைந்த வழி. வாகனச் சக்கரங்களைச் சமன்செய்யும் ஈய எடைகள் நெடுங்காலம் மலிவான மூலப்பொருளாக இருந்தன. அவற்றின் இடத்தை இப்போது எஃகு, துத்தநாக எடைகள் பிடித்து வருகின்றன. துத்தநாகம் கலந்தால் உருகிய ஈயம் வார்ப்புக்குத் தகுதியற்றதாகிவிடும். ஈயம் நச்சுத்தன்மை உடையது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. நல்ல காற்றோட்டமும், வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுதலும் இன்றியமையாதவை. சமையலறையும் சமையல் பாத்திரங்களும் இதற்கு ஒருபோதும் பயன்படக் கூடாது.

வெடிமருந்து

வெடிமருந்து கிரெயின் என்னும் எடையலகால் அளக்கப்படுகிறது. ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின். ஒரு தோட்டாவுக்கு 5 கிரெயின் வேண்டும் கைத்துப்பாக்கிக்கு ஒரு பவுண்டில் 1400 தோட்டாக்கள் நிரப்பலாம். 50 கிரெயின் வேண்டும் நெடுந்துப்பாக்கிக்கு 140 மட்டுமே கிடைக்கும். ஆகவே தட்டுப்பாட்டுக் காலத்தில் பலர் குறைந்த மருந்து தேவைப்படும் தோட்டா வகைகளுக்கு மாறுகின்றனர்.

ஒரே வெடிமருந்து இரு பெயர்களில் விற்கப்படுவதும் உண்டு. ஹோட்ஜ்டனின் எச்110, வின்செஸ்டர் 296 ஆகியன ஒரே மருந்தே. எச்பி-38, வின்செஸ்டர் 231 ஆகியனவும் அவ்வாறே. இதனை அந்நிறுவனமே உறுதிப்படுத்தியுள்ளதால், ஒன்று கிடைக்காதபோது மற்றொன்றை வாங்கலாம்.

மாற்றுப் பொருள்களின் இடர்

மேற்கூறியது விதிவிலக்கு மட்டுமே. எச்4350, ஐஎம்ஆர் 4350 ஆகிய இரண்டும் ஒரே எண்ணைத் தாங்கினாலும் வெவ்வேறு வெடிமருந்துகள். ஒவ்வொன்றின் எரிவேகமும் வேறு. .30-06 தோட்டாவுக்கு வரையறுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு ஆகும். விரைவாக எரியும் மருந்தை மெதுவாக எரியும் மருந்தின் அளவில் நிரப்பினால் இவ்வரம்பு வெகுவாக மீறப்பட்டுத் துப்பாக்கி சுடுபவரின் முகத்தருகே வெடித்துச் சிதறக் கூடும். இரு மருந்துகளைக் கலப்பதும், பெயர்ச்சீட்டு இல்லாத கலத்திலுள்ள மருந்தைப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால் முற்றிலும் தவிர்க்க வேண்டியவை.

குறைவாக நிரப்பினால் இடரில்லை என்ற எண்ணமும் எப்போதும் சரியன்று. எச்110 போன்ற மருந்துகளை வெளியிடப்பட்ட அளவிலிருந்து வெகுவாகக் குறைக்கக் கூடாது என்பது உற்பத்தியாளரின் எச்சரிக்கை. மருந்து சரியாகப் பற்றாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அதனை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.

பிரைமர்களிலும் இவ்வேறுபாடு உண்டு. நெடுந்துப்பாக்கிக்கான பெரிய பிரைமர், கைத்துப்பாக்கிக்கான பெரிய பிரைமரைவிட உயரமானது. மாற்றிப் பொருத்தினால் அது வெளியே துருத்தி நிற்கும். சிறிய பிரைமர்கள் இரண்டும் ஒரே அளவுடையவை எனினும், கைத்துப்பாக்கி வகையின் கிண்ணம் மெல்லியது. நெடுந்துப்பாக்கியின் உயர் அழுத்தத்தில் துளைபடக் கூடும். எந்தப் பகுதியை மாற்றினாலும் கையேட்டில் அச்சேர்க்கைக்கெனத் தரப்பட்டுள்ள தொடக்க அளவிலிருந்து மீண்டும் தொடங்குவதே ஏற்கப்பட்ட நடைமுறை. கையேட்டில் இல்லாத சேர்க்கை தவிர்க்கப்பட வேண்டும்.

சேமிப்பும் பதுக்கலும்

தட்டுப்பாடு நீங்கியதும் அடுத்த முறைக்கென வாங்கிச் சேர்ப்பது இயல்பு. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அவ்வாறு செய்வதே தட்டுப்பாட்டை நீட்டிக்கிறது. வெடிமருந்தையும் பிரைமரையும் வாங்குபவருக்கு அனுப்ப ஒவ்வொரு முறையும் இடர்ப்பொருள் கட்டணம் வசூலிக்கப்படுவதால், சிலர் கூட்டாக வாங்கிப் பகிர்ந்துகொள்கின்றனர். இது கட்டணத்தையும் பதுக்கலையும் குறைக்கும்.

சேமிப்புக்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புக் கழகத்தின் 495 ஆம் விதித்தொகுப்பு, ஒரு வீட்டில் அசல் கலங்களில் 20 பவுண்டு புகையற்ற வெடிமருந்தும் 10,000 பிரைமர்களும் வைத்திருக்க இடமளிக்கிறது. இதற்கு மேற்பட்ட மருந்தைத் தடித்த பலகைப் பெட்டியில் வைக்க வேண்டும். பிரைமர்களை அசல் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் குவித்து வைத்தால், ஒன்று வெடிக்கும்போது அனைத்தும் சேர்ந்து வெடிக்கும். நாள்பட்ட வெடிமருந்தில் காரநெடியோ செந்நிறத் தூளோ தோன்றினால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது தானாகவே தீப்பற்றக் கூடியதாகையால், விலை எவ்வளவு ஏறியிருந்தாலும் அதனை அப்புறப்படுத்துவதே முறை.

தோட்டா இன்றிப் பயிற்சி

தட்டுப்பாட்டுக் காலத்தில் பலர் .22 விளிம்படித் தோட்டாக்களுக்கு மாற முயல்வது வழக்கம். அவற்றின் விளிம்பிலேயே பிரைமர் கலவை பரப்பப்பட்டிருப்பதால் அவற்றை மறுநிரப்புவது நடைமுறையில் இயலாது. 2013 இல் அவையும் கடைகளில் கிடைக்காமல் போயின. காற்றுத் துப்பாக்கியாலும், தோட்டா இல்லாத துப்பாக்கியின் விசையை இழுத்துக் குறிபார்க்கும் வெற்றுப் பயிற்சியாலும் திறனைத் தக்கவைத்துக்கொள்ள முடியும். போட்டிச் சுடுவீரர்கள் பொருள்கள் தாராளமாகக் கிடைக்கும் காலத்திலும் வெற்றுப் பயிற்சியை வழக்கமாகச் செய்து வருகின்றனர்.