கல்லுக்கும் ஒரு பேரேடு

நகைக்கடன் வேண்டி வாடிக்கையாளர் ஒருவர் கிளைக்கு வருகிறார். மதிப்பீட்டாளர் நகையை வாங்கி, கருநிறக் கல்லொன்றின்மேல் மெல்ல உரைக்கிறார். பொன்னிறக் கோடு ஒன்று விழுகிறது. அதன்மேல் ஒரு துளி அமிலம் இட்டு, கோடு நிலைக்கிறதா மங்குகிறதா என்று நோக்குகிறார். மாற்றறியும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்ட இந்நாளிலும் உரைகல் தன் பணியிலிருந்து முற்றிலும் ஓய்வு பெற்றுவிடவில்லை. வங்கியில் நாம் பலமுறை கண்ட இக்காட்சியில் கனிமவியலின் முதற்பாடம் அடங்கியிருக்கிறது. தோற்றத்தை மட்டும் நம்பாமல், சோதித்துப் பார்த்த பின்னரே ஒரு பொருளுக்குப் பெயரிட வேண்டும் என்பதே அது.

அந்தப் பாடத்தை மாணவர்க்குக் கற்பிப்பதற்காகவே பல்கலைக்கழகங்கள் கனிம மாதிரிகளைச் சேர்த்து வைக்கின்றன. கண்ணாடிப் பேழைகளிலும் இழுப்பறைகளிலும் வரிசையாக அடுக்கப்பட்ட அக்கற்களைப் பார்ப்பவர், 'இவற்றின் விலை என்ன?' என்று கேட்பது இயல்பு. ஆனால், அத்தொகுப்பின் மதிப்பு பெரும்பாலும் கல்லில் இல்லை. கல்லோடு வைக்கப்பட்டிருக்கும் சிறு சீட்டில் இருக்கிறது. இதனை விளக்கத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் அரிது.

சேகரிப்பின் தொடக்கம்

திருவனந்தபுரத்தில் 1855ஆம் ஆண்டிலேயே அருங்காட்சியகம் அமைந்துவிட்டது. அன்றைய திருவிதாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜெனரல் வில்லியம் கல்லனும், வானாய்வுக்கூடத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுனும் அதன் முன்னோடிகள். கல்லன் ஆட்சிப் பணிக்கிடையே பாறைகளையும் தாவரங்களையும் ஆராய்ந்தவர். கொல்லத்தை அடுத்த பகுதியில் சுண்ணாம்புக்கல் படிவுகளைக் கண்டறிந்தவரும் அவரே. பின்னர் 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று கேரளப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ள அதன் நிலவியல் துறை, நகரின் வடபுறத்தில் காரியவட்டம் வளாகத்தில் இயங்குகிறது.

கல்லை அறியும் வழிகள்

கனிமத்தை அறிவதற்கு விலையுயர்ந்த கருவிகள்தாம் வேண்டும் என்பதில்லை. மெருகிடாத வெண்பீங்கான் துண்டு ஒன்றின்மேல் கல்லை உரைத்தால் அதன் தூளின் நிறம் தெரியும். இது நம் உரைகல்லின் உடன்பிறப்பு. பொன்போல் மின்னும் பைரைட்டு என்னும் இரும்புச் சல்பைடு பலரை ஏமாற்றியிருக்கிறது. ஆனால் பீங்கானில் அது இழுக்கும் கோடு பசுமை கலந்த கருநிறம். உண்மைப் பொன்னின் கோடோ மஞ்சள்.

அடுத்தது கடினத்தன்மை. ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரீட்ரிக் மோஸ் 1812இல் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். மிக மென்மையான மாக்கல்லுக்கு 1, கால்சைட்டுக்கு 3, குவார்ட்சுக்கு 7, புஷ்பராகத்துக்கு 8, குருந்தத்துக்கு 9, வைரத்துக்கு 10. வரிசையில் மேலுள்ளது கீழுள்ளதைக் கீறும். நம் விரல்நகத்தின் எண் ஏறக்குறைய இரண்டரை. சாளரக் கண்ணாடிக்கு ஐந்தரை. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. உலகக் கனிமவியலில் வழங்கும் 'கொரண்டம்' என்ற சொல், நம் 'குருந்தம்' என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து சென்றது என்பதை வாசகர்கள் பெருமையுடன் நினைவிற் கொள்ளலாம்.

வைடூரியமும் காரீயமும்

நவரத்தினங்களுள் ஒன்றாகிய வைடூரியம், கிரிசோபெரில் என்னும் கனிமத்தின் ஒரு வகை. இக்கனிமம் கிடைக்கும் இடங்களுள் திருவனந்தபுரம் வட்டாரம் பெயர் பெற்றது. கல்லினுள் ஒரே திசையில் அமைந்த மிக நுண்ணிய இழைகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், வளைவாகப் பட்டை தீட்டிய கல்லின்மேல் பூனைக்கண் போன்ற ஒளிக்கீற்று தோன்றுகிறது. குவார்ட்ஸ் கல்லிலும் இத்தகைய கீற்று தோன்றுவதுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் வைடூரியத்தின் கடினத்தன்மை எட்டரை, குவார்ட்சுக்கு ஏழு. வைடூரியத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறத்தாழ 3.7 மடங்கு, குவார்ட்சின் அடர்த்தி 2.65 மடங்கே. மெருகிட்ட மணியைக் கீறிப் பார்ப்பது அதனைக் கெடுக்கும். ஆகவே காற்றிலும் நீரிலும் எடையிட்டு அடர்த்தியைக் கணக்கிடுவதே ஏற்ற வழி. கல்வைத்த நகை வாங்குவோர், விலையைப் பேசும் முன் ஆய்வகச் சான்றைக் கேட்பது ஏன் என்பதற்கு இதுவே விடை.

இதற்கு நேர்மாறானது கிராபைட்டு. திருவனந்தபுரம் மாவட்டத்து வெள்ளநாட்டுப் பகுதியில் முற்காலத்தில் தோண்டியெடுக்கப்பட்ட இக்கனிமம், நகத்தால் கீறுமளவு மென்மையானது. தொட்டால் விரல் கறுக்கும். காரீயம் என்று நாம் வழங்கும் பென்சிலின் உள்ளீடு இதனால் ஆனதே; ஈயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடும் வெப்பத்தைத் தாங்குவதால் உலோகம் உருக்கும் மூசைகள் செய்ய இது பயன்படுகிறது. வைரமும் கிராபைட்டும் ஒரே கரிமத்தால் ஆனவை. அணுக்கள் அடுக்கப்பட்ட முறை மட்டுமே வேறு.

கயிற்றோடு கப்பலேறிய செல்வம்

இனி, திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் நெடுங்காலமாகத் தேய்ந்து மணலாகி, ஆறுகளின் வழியே கடலை அடைகின்றன. அலைகள் இலேசான குவார்ட்ஸ் மணலை அரித்துச் செல்ல, கனமான மணிகள் கரையில் தங்குகின்றன. இல்மனைட்டு, சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகியவை இவ்வாறு சேர்ந்தவை. கொல்லத்தை அடுத்த சவறையிலும், முன்னர் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்து இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியிலும் இம்மணல் மிகுதி.

இம்மணலை மீனவரும் கயிறு திரிப்போரும் தலைமுறை தலைமுறையாக மிதித்து நடந்தனர். அதன் பெயரை எவரும் அறியவில்லை. 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து இறக்குமதியான தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அக்காலத்தில் வீதிகளுக்கும் வீடுகளுக்கும் ஒளிதந்த எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் இன்றியமையாதது. மோனசைட்டிலிருந்து தோரியம் கிடைக்கும். மறு ஆண்டே அவர் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை அமைத்தார்.

கயிற்றுக்கு விலை பெற்றோம்; அதில் ஒட்டிய மணலுக்கு விலை உண்டென்பதை அறியவில்லை. இச்செய்தியில் நாம் உணரத்தக்க இழப்பு இதுவே. விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் ஆலுவா ஆலை 1952இல் தொடங்கி வைக்கப்பட்டது. வெண்ணிறச் சாயத்துக்குரிய டைட்டானியம் ஆக்சைடை இல்மனைட்டிலிருந்து எடுக்கும் திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை, திருவனந்தபுரத்தின் கொச்சுவேளியிலேயே 1946இல் நிறுவப்பட்டது. மணல் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இடையில் வந்து சேர்ந்தது அறிவு.

சீட்டு இல்லாத கல்

ஒரு கனிமத்தின் பெயரைப் பிற்காலத்தில் மீண்டும் சோதித்து அறியலாம். ஆனால், அது எந்த இடத்தில், எந்தப் பாறையில், எந்த ஆண்டில், யாரால் எடுக்கப்பட்டது என்பதைக் கல் தானே சொல்லாது. ஆகவேதான் மாதிரியின் ஓரத்தில் வெண்சாயம் சிறிது தடவி, அதன்மேல் மையால் எண் இடுகின்றனர். அதே எண் சீட்டிலும் பதிவேட்டிலும் இருக்கும். நம் கிளையில் ஒரே பரிவர்த்தனை ரசீதிலும் பேரேட்டிலும் கணக்குப் புத்தகத்திலும் பதிவாவதைப் போன்றது இது. அறை மாற்றும்போது சீட்டுகள் கலந்துவிட்டால், அரிய மாதிரியும் வெறும் அழகுக் கல்லாகிவிடும்.

கல் வந்த இடம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு சான்று. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அது சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறையோடு ஒத்திருப்பதை உணர்ந்தார். அப்பாறை வகைக்கு 1893இல் சார்னகைட்டு என்று பெயரிட்டார். பல்லாவரத்துக் கல்லை அவர் முன்னரே அறிந்திராவிடில் அந்த ஒப்பீடு நிகழ்ந்திராது. அதே சார்னகைட்டு பொன்முடியிலும் நாகர்கோவில் பகுதியிலும் பரவிக் கிடக்கிறது. கல்லுடைக்கும் குழிகளே இப்பாறைகளை வெளிக்காட்டுகின்றன. அக்குழிகளே நாளடைவில் அவற்றை உண்டும் விடுகின்றன. குன்று மறைந்த பின், இழுப்பறையில் உள்ள எண்ணிட்ட துண்டே அக்குன்றின் சாட்சி.

காப்பது எப்படி?

கல் கெடாது என்று எண்ணுவது தவறு. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பைரைட்டு மெல்லச் சிதைந்து அமிலத்தைக் கக்கும். அருகிலுள்ள சீட்டையும் அரித்துவிடும். ஊதாப் படிகம் நெடுநாள் வெயில் பட்டால் நிறம் மங்கும். மோனசைட் கதிரியக்கமுள்ளது; அதனைத் தனியே, காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பர். அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருளும் ஆகும்.

நம் இல்லங்களில் பெரியவர்கள் சேர்த்து வைத்த கற்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கக்கூடும். அவற்றைக் கழுவித் துடைப்பதற்கு முன், ஒட்டியிருக்கும் தாள் துண்டு ஏதேனும் உண்டா என்று பாருங்கள். இல்லையெனில், அவை கிடைத்த ஊரை அறிந்த முதியவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். அதன்பின் அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கு எடுத்துச் சென்று காட்டலாம். பெயரைத் துறையினர் சோதித்துச் சொல்வர். ஊரைச் சொல்ல வேண்டியவர் அந்த முதியவரே. அவர் இருக்கும்போதே அதனைப் பதிவு செய்து கொள்வோம்.